கர்சோனோ இருக்கும் திசை

கர்சோனோ விரித்த செயற்கைப் புல் எல்லாம் அவர் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கும். சிகாராங் என்ற தொழில்நகரத்துக்குத் தெற்கே, வயல்களை மேடாக்கிக் கட்டிய செம்பாக்கா ராயா என்ற புதுநகரில் அவர் கைப்பட்ட புல்தரைகள் நாற்பத்தொன்று இருந்தன. கடைவரிசைகளின் முகப்பு, காப்பிக்கடை வாசல்கள், பெட்ரோல் பங்க்கின் ஓரத்திட்டு, வீடு விற்கும் அலுவலகத்தின் முன்னால் புதுமணத் தம்பதிகளை நிறுத்திப் படம் எடுக்கும் சின்ன மேடு, கடைசியாக எழும்பிய மூன்று மாடிப் பேரங்காடி. அவர் காலையில் தெற்கே வேலைக்குப் போனால் நாற்பத்தொன்றும் தெற்கே திரும்பும். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தால் கூடவே வரும். சட்டென்று திரும்பாது, அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும். முதல் இரண்டு வருடம் ஊர் இதைப் பேசித் தீர்த்தது. பிறகு ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

அவர் மனைவி லஸ்த்ரிக்கு மட்டும் அந்தப் புல்லோடு ஒரு தீராத வழக்கு இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கர்சோனோ அவளிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கடுமையாகவும் பேசியதில்லை, அதை அவளே ஒத்துக்கொள்வாள். சோறு வைத்தால் சாப்பிடுவார். சம்பல் காரமாக இருந்தால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்பார். பிழைப்புத் தேடி இருவரும் சொந்த ஊரான வொனோகிரியிலிருந்து வந்த புதிதில் தள்ளுவண்டியில் இறைச்சி உருண்டை சூப் விற்றார். பசியோடு வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு உருண்டை கூடப் போட்டே அந்த வியாபாரத்தை ஒரு வருடத்தில் முடித்துவைத்தார். அப்புறம் கம்பளம் விரிக்கப் போனார், கம்பளத்திலிருந்து புல்லுக்கு வந்தார். வேலை நேரத்தில் அவர் புல்லைத் தடவிக்கொடுப்பதை லஸ்த்ரி பார்த்திருக்கிறாள். உயிரில்லாத பிளாஸ்டிக்குக்கு இத்தனை கொஞ்சல் என்றால், உயிரோடு எதிரில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த மனசில் ஒரு மூலையாவது உண்டா இல்லையா என்பதுதான் அவள் தெரிந்துகொள்ள விரும்பியது. வாய்விட்டுக் கேட்க வெட்கம். கேட்டாலும் அவர் பதில் சொல்லப்போவதில்லை.

புல்லுக்கு இந்தக் குணம் வந்த கதை முதல் வேலையில் தொடங்குகிறது. நெடுஞ்சாலைப் பக்கத்துக் கடைவரிசை, ஜனவரி மாதம், அங்கே அடைமழைக் காலம். ரோல்களை இணைக்கும் பசைக்கு இரண்டு நாள் ஈரம் படவே கூடாது. ஆகவே கட்டுமானக் கம்பெனி வழக்கம்போல, மந்திரம் சொல்லி மழையைத் தடுத்துவைக்கிற மழைகட்டி ஒருவரை வரவழைத்தது. அவர் மூலையில் ஓர் ஈர்க்குமாறைத் தலைகீழாக நட்டு, ஈர்க்குகளின் நுனியில் சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்திவைத்து, மேகங்களிடம் தணிந்த குரலில் பேசிவிட்டு, கிராம்புச் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு பக்கமும் மழை கொட்டியது, புல் விரிக்கிற இடத்தில் ஒரு சொட்டு விழவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அதற்காகத்தானே அவரைக் கூப்பிட்டது. தப்பு மறுநாள் பதினோரு மணிக்கு நடந்தது. சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற தெம்பே பொரித்துச் சுடச்சுட வந்தது, கடித்துக்கொள்ள மிளகாய் வரவில்லை. அந்த ஊரில் பச்சையாக மிளகாய் கடிக்காமல் பொரித்த தெம்பே தின்கிற ஆள் ஒன்று காய்ச்சலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளியூராக இருக்க வேண்டும். கர்சோனோ சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் ஆறு மிளகாய் யாருக்கும் வேண்டாததுபோல நின்றன. ஆறையும் தின்றார். கையோடு அந்த ஈர்க்குமாறையும் பிடுங்கி, சுருட்டிவந்ததில் படுத்துக்கிடந்த புல்லை அதனாலேயே சீவி எழுப்பினார். கழிப்பறைக்குப் போயிருந்த மழைகட்டி திரும்பி வந்து பார்த்தார். திட்டவில்லை. எத்தனை தின்றாய் என்று மட்டும் விசாரித்தார். ஆறு என்றதும் தலையை ஆட்டி, மழைக்குச் சொன்ன பேச்சை இனி வேறு எதுவோ கேட்டு நடக்கும் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். ஈர்க்குமாறு கர்சோனோவிடமே தங்கிவிட்டது.

செயற்கைப் புல் தொழிலில் ஒரு விதி உண்டு. எல்லா ரோலும் ஒரே பக்கம் சாய வேண்டும். அதுவும் வாசல் வழியாக உள்ளே வருகிறவரைப் பார்த்துச் சாய வேண்டும். அப்போதுதான் அடர்த்தியாகத் தெரியும். பின்னாலிருந்து பார்த்தால் வழுக்கைத் தலை மாதிரி மினுங்கும். முதல் புல்தரையைப் பார்க்க வந்த இஞ்சினியர் காலையில் ஒரு படமும் மாலையில் ஒரு படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, சாய்வு நிலையாக இல்லை, அத்தனையையும் பிய்த்துவிட்டு மறுபடி விரி என்றார். மறுபடி விரித்தார்கள். அதுவும் அப்படியே. மேஸ்திரி நபாபான், உரத்த குரலுக்குப் பேர்போன சுமத்ராவின் பத்தாக் இனத்தவர். காதோடு சொல்கிற ரகசியமே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவர் ஒரு நாள் முழுக்கச் சாரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து, கீழே கர்சோனோ நடப்பதையும் புல் திரும்புவதையும் பார்த்தார். இறங்கிவந்து ஒரு பிளாஸ்டிக் முக்காலியை வாசலுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் போட்டார்.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம், கர்சோனோ. அங்க போயி உக்காரு. இஞ்சினியர் கிளம்புறதுக்குள்ள எந்திரிச்சே, காலை ஒடைப்பேன்."

கர்சோனோ போய் உட்கார்ந்தார். அன்று அந்தப் புல் வந்தவர்களுக்கெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக் காட்டியது. இஞ்சினியர் குனிந்து தொட்டுப் பார்த்து, இதுவரை இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை என்று கையெழுத்துப் போட்டார். அதன்பின் ஒவ்வொரு புதுக் கட்டடம் கைமாறும் நாளிலும் எதிரே ஒரு முக்காலியும் அதில் கர்சோனோவும் இருப்பார்கள். ஒருமுறை மூன்றரை மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். லஸ்த்ரி குடை கொண்டுபோய்ப் பிடித்தாள்.

இந்தப் புல்லால் தனக்கும் ஒரு உபயோகம் உண்டு என்று அவளுக்குத் தெரியவந்தது புறாவால். நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், செல்போன் கடைக்கு எதிரே, அவள் காலை வேளைகளில் தேங்காய்ப்பால் சோறு விற்றாள். செல்போன் கடையின் முன்னால் இரண்டுக்கு ஆறு மீட்டரில் கர்சோனோ விரித்த புல் இருந்தது. ஒரு சனிக்கிழமை, தெற்கே கிடங்கில் கூடுதல் வேலை என்று சொல்லிவிட்டு அவர் போனார். புல் மேற்கே திரும்பியது. மேற்கே வாய்க்காலுக்கு அப்பால் புறாப் பந்தயம் நடக்கும் திடலைத் தவிர ஒன்றுமில்லை. லஸ்த்ரி சட்டியைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு பொட்டலம் சோறும் எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனாள். கர்சோனோ கையை உயர்த்தி ஒரு பெட்டைப்புறாவைச் சிறகடிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஐந்நூறு மீட்டருக்கு அப்பால் விட்ட ஆண்புறா அதைக் கண்டதும் வானத்திலிருந்து கல்லாக விழுந்து அவர் கைக்கே வந்தது. அப்போது அவர் முகம் இருந்த அழகை லஸ்த்ரி அதற்குமுன் பார்த்ததில்லை.

"தெக்க வேலைன்னு சொன்னீங்களே, பாக். அங்க புல்லு மேக்க பாத்துக்கிட்டு நிக்குது."

"அதுக்கென்ன தெரியும், பூ. அது பிளாஸ்டிக்கு."

அந்த ஊரில் ஐயா என்பதற்கு பாக், அம்மா என்பதற்கு பூ; கணவன் மனைவியும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவள் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். கோபம் வரவில்லை. புறாவிடம் காட்டுகிற முகத்தில் கால்வாசி தன்னிடம் காட்டியிருந்தால் போதுமே என்று வழியெல்லாம் இருந்தது. அன்றிலிருந்து கர்சோனோவின் பொய்களுக்கு வேலை போயிற்று. எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். சோறு பரிமாறுகிற நடுவில் தலையைத் தூக்கி எதிர்ப்பக்கம் பார்த்தால் போதும். நோன்புப் பெருநாளுக்கு இருவரும் வொனோகிரிக்குப் பேருந்து ஏறினால் நாற்பத்தொரு புல்தரையும் பத்து நாள் கிழக்கே சாய்ந்து கிடக்கும். வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊதுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, கர்சோனோ இன்னும் வரவில்லை, வேலையாட்கள் யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்று வீடு கட்டுகிறவர்களுக்குத் தகவல் சொன்னார்கள்.

பேரங்காடி வந்த வருடம்தான் பெரிய சங்கடம் நேர்ந்தது. மூன்றாம் மாடியின் திறந்த முற்றத்தில் தொழுகைக்கு இடம் ஒதுக்கி, அங்கேயும் புல் விரித்தார்கள். கட்டடத்தைக் கைமாற்றிய நாளில் தொழும்போது முகம் வைக்க வேண்டிய கிப்லாத் திசையைக் காட்டும் அம்புக்குறியை ஒட்ட மறந்துவிட்டார்கள். அன்று மாலைத் தொழுகைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். புல் முழுவதும் ஒரே சீராக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. புதுப் பேரங்காடிக்காரர்கள் புல்லிலேயே திசையை நெய்துவிட்டார்கள், என்ன நேர்த்தி என்று மெச்சிக்கொண்டு அப்படியே நின்று தொழுதார்கள். அன்றைக்குத் தப்பில்லை. அந்த ஊருக்குக் கிப்லா மேற்கிலிருந்து சற்றே வடக்கு; பேரங்காடியின் வாசலும் அதே பக்கம், எதிரே முக்காலியில் கர்சோனோ. மறுநாள் அவர் தெற்கே மாட்டுக்கால் சூப் குடிக்கப் போனார், நண்பகல் தொழுகை தெற்கு நோக்கி நடந்தது. அதற்கடுத்த நாள் கிழக்கே வேலை. அந்த வாரம் செம்பாக்கா ராயாவின் துணிக்கடைப் பெண்களும் சமையல்காரர்களும் காவலாளிகளும் கர்சோனோ சுற்றிய திசையெல்லாம் நெற்றியை வைத்தார்கள். வெள்ளிக்கிழமை ஊரின் மார்க்க ஆசிரியர் உஸ்தாத் ஜுனைதி செல்போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது.

உஸ்தாத் நல்ல மனிதர். தெரியாமல் நின்றவர்களின் தொழுகை எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே சேர்ந்திருக்கும், யாரும் கலங்க வேண்டாம் என்றார். கைப்பிடிச் சுவரில் பெரிய அம்புக்குறி வரையச் சொன்னார். கர்சோனோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, நீங்கள் ஐந்து வேளையும் மேற்கே இருந்தால் எனக்குப் பெயின்ட் செலவு மிச்சம் என்று ஒரு வார்த்தை விட்டார். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் கர்சோனோ அவமானத்தில் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் லஸ்த்ரியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், பேரங்காடிக்கு மேற்கே, சற்றே வடக்கே, வாய்க்காலோரம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டு வந்தார். கூரை ஒழுகியது. கிணற்றுத் தண்ணீரில் இரும்பு வாசம். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் சட்டி பறந்திருக்கும். லஸ்த்ரி மூட்டையைக் கட்டினாள். அதிகாலையிலும் அந்தியிலும் இரவிலும் அவர் வீட்டில் இருக்கிற மூன்று வேளையாவது மாடியில் புல்லும் அம்பும் ஒன்றாக நின்றன. யாரோ முன்பின் தெரியாதவர்களின் நெற்றிக்காக வீடு மாற்றுகிற மனிதனை என்ன செய்வது என்று அவள் அக்கம்பக்கத்தில் அலுத்துக்கொண்டாள். அலுப்பில் பெருமை வழிந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

அறுபத்திரண்டு வயதில் அவருக்கு மறதி வந்தது. முதலில் கத்தியை வைத்த இடம் மறந்தது. பிறகு வெட்டுகிற அளவு. ஒரு நாள் பத்து மீட்டர் ரோலின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இதை எதற்கு விரிக்கிறோம் என்று நபாபானைக் கேட்டார். நபாபான் அன்றுதான் முதல்முறையாகத் தணிந்த குரலில் பேசினார். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துத் தானே வீட்டில் கொண்டுவந்து விட்டார். அதற்குப்பின் மறதி கிடுகிடுவென்று ஏறியது. புறாவின் பெயர் போனது, வொனோகிரி போனது, தம்பிமார் பெயர் போனது, செமாராங்கில் கட்டிக்கொடுத்த மகளின் பெயரும் போனது. லஸ்த்ரி ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டு தன் முறைக்காகப் பயந்து காத்திருந்தாள். அவரைப் பூட்டிவைக்கச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. எங்கே போனாலும் எதிர்க்கடைப் புல் சொல்லிவிடும் என்றாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் பத்து மணிக்கு அவள் தலையைத் தூக்கியபோது, அவர் வீட்டில் இருந்தால் மேற்கே சாய வேண்டிய புல் தென்கிழக்கே சாய்ந்திருந்தது. தென்கிழக்கே நெடுஞ்சாலை. லாரிகள் நிற்காத சாலை. சோற்றுச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறினாள். பெட்ரோல் பங்க்கின் திட்டில் புல் தெற்கே காட்டியது. ஓட்டுபவனைத் தெற்கே போகச் சொன்னாள். வீடு விற்கும் அலுவலகத்தின் மேட்டில் கிழக்கே காட்டியது. கிழக்கே போனார்கள். ஆள் நகர்ந்துகொண்டே இருந்ததால் புல்லும் முழுசாகத் திரும்பாமல் பாதியில் தடுமாறியது. காப்பிக்கடை வாசலில் அவள் இறங்கி மண்டியிட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து, நுனிகள் எந்தப் பக்கம் என்று பார்த்தாள். உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வெளியே வந்து ஆளுக்கொரு பக்கம் குனிந்தார்கள். எல்லா விரலும் ஒரே பக்கம் நீண்டன. மழை தூற ஆரம்பித்திருந்தது.

நெடுஞ்சாலையைத் தாண்டிய புதுக் கடைவரிசையில் அவர் இருந்தார். கடைகள் இன்னும் திறக்கவில்லை. வாசலில் அன்றுதான் வேறு கம்பெனிக்காரர்கள் புல் விரித்து முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் நடுவில் நனைந்த சட்டையோடு கர்சோனோ முழங்காலில் நின்று, உள்ளங்கையால் புல்லைத் தன் பக்கம் திருப்பித் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார். அது திரும்பித் திரும்பிப் பழையபடி போனது.

"இது என்னைப் பாக்கவே மாட்டேங்குது," என்றார். குழந்தையிடம் தோற்றுப்போன குரல்.

"அது வேற யாரோ விரிச்சது, பாக். நம்மளது நாப்பத்தொண்ணும் உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. அதுதான் என்னைக் கூட்டிட்டு வந்துச்சு."

அவர் நிமிர்ந்து அவளை வெகுநேரம் பார்த்தார். மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க யாரு, பூ?"

தன் முறை வந்துவிட்டது என்று லஸ்த்ரிக்குத் தெரிந்தது. முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள்.

"சோறு விக்கிறவ," என்றாள். "வாங்க. ஆறிடும்."

அதன்பின் ஒன்றரை வருடம் அவர் அவளுடைய கடையில், அவளுக்குப் பக்கத்தில், அதே பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே புல் ஒன்றரை வருடமும் நேராக அவர்களைப் பார்த்து நின்றது. வாடிக்கையாளர்களிடம் அவர், இந்தச் சோறு விற்கிற பூ நல்லவர், கூடுதலாக முட்டை வைப்பார் என்று சிபாரிசு செய்தார். முப்பத்தைந்து வருடத்தில் அவர் அவளைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அது தனக்குச் சொன்னதா, யாரோ ஒரு சோற்றுக்காரிக்குச் சொன்னதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சோறு தீர்ந்து இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் முக்காலியிலேயே சுவரில் சாய்ந்து இறந்துபோனார்.

கிழக்கே இருக்கிற பொது மயானத்தில் அடக்கம் செய்தார்கள். இனி நாற்பத்தொன்றும் மயானத்தைப் பார்க்கும் என்று சிலர் சொன்னார்கள், இல்லை, நெட்டுக்குத்தாக நின்றுவிடும் என்று சிலர். ஏழாம் நாள் ஓதுதல் முடிந்து எட்டாம் நாள் லஸ்த்ரி கடையைத் திறந்தாள். எதிரே புல் அவளைப் பார்த்து நின்றது. பழக்கதோஷம், பாவம், ஒன்றரை வருடம் இங்கேதானே உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் தேங்காய் வாங்க வடக்கே சந்தைக்குப் போனாள். வழியில் மூன்று காப்பிக்கடைகள். போகும்போது புல் அவள் வீடு இருக்கும் மேற்கே சாய்ந்திருந்தது, வரும்போது சந்தை இருக்கும் வடக்கே. அவள் பையை இறக்கிவைத்துவிட்டு நின்றாள். காப்பிக்கடையின் அந்தப் பக்கம் போய் நின்றாள். அரைமணி நேரம் நின்றாள். புல் மெதுவாக, அவசரமில்லாமல், அவள் பக்கம் திரும்பியது.

நபாபானிடம்தான் போய்ச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார், மூக்கைத் துடைத்தார், வழக்கமான குரலில் தெருவுக்கே சொன்னார்.

"இதுல என்ன இருக்கு, பூ? புல்லு அவனைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அவன் உங்களைப் பாத்துக்கிட்டு இருந்தான். நடுவுல இருந்த ஆளு போயிட்டான், அவ்வளவுதான்."

லஸ்த்ரி அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். நல்ல அழுகை, சத்தமான அழுகை. பிறகு தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கூரை ஒழுகுகிற வீடுதான். செமாராங்கில் இருக்கிற மகள் வந்து கூப்பிட்டாள். உஸ்தாத் ஜுனைதி ஆளனுப்பி, அம்புக்குறி இருக்கிறது, நீங்கள் எங்கே வேண்டுமானாலும் நிம்மதியாகக் குடியிருக்கலாம் என்றார். அவள் கூரையை மட்டும் மாற்றினாள். அந்த வருட நோன்புப் பெருநாளுக்கு அவள் தனியாக வொனோகிரிக்குப் போனபோது நாற்பத்தொரு புல்தரையும் பன்னிரண்டு நாள் கிழக்கே சாய்ந்து கிடந்தன. பெருநாள் முடிந்து தேங்காய்ப்பால் சோறு தேடி வந்தவர்களிடம், செல்போன் கடை வாசலில் வண்டிகளுக்கு விசில் ஊதுகிறவன் குனிந்து பார்த்துவிட்டு, பூ லஸ்த்ரி இன்னும் வரவில்லை, புல் திரும்பியதும் கடை திறந்துவிடும் என்று சொல்லி அனுப்பினான்.